பதினாறாம் நம்பர் தோட்டா

1

கனடாவுக்கு வந்து நாலு வருடம் முடிந்துவிட்டது. இப்படி ஒரு நாளில் வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊருக்கு எழுதினால் பனியைப் பற்றி எழுதுவார்கள், வீட்டுக்குள் சூடு வருகிற குழாயைப் பற்றி எழுதுவார்கள். நான் நாற்பது டப்பா தோட்டாவைப் பற்றி எழுதப் போகிறேன். துப்பாக்கியில் போடுகிற பதினாறாம் நம்பர் தோட்டா. ஆறு வாரமாக நான் சோறு சாப்பிட்டால் அது செரிக்காமல் செய்வது இந்த நாற்பது டப்பாதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு, அதையும் இரண்டு தடவை. நான் சொல்லச் சொல்ல என் மனைவி சரோஜா எழுதுகிறாள். வாக்கியம் ஒழுங்காக இருந்தால் அது அவள். உளறலாக இருந்தால் அது நான். கனடா கூப்பிட்டதும் அவளைத்தான். அவள் நர்ஸ். இரண்டு பெட்டி, ஒரு பெண்குழந்தை, அதற்குப் பின்னால் நாலாவது சாமானாக நான் வந்து இறங்கினேன்.

நாங்கள் இருப்பது சின்ன ஊர். சுற்றிலும் கோதுமை வயல், நடுவில் ஒரு ஏரி. கடைத்தெருவில் ஆணியிலிருந்து துப்பாக்கி வரை விற்கிற ஒரு கடை. முதலாளி பெயர் கார்ல். ஏகாம்பரம் என்கிற என் பெயரை அவர் 'ஏக்' என்று வெட்டிவிட்டார். அவர் பேசுவது இங்கிலீஷ்தான். ஆனால் என் காதில் அது காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் கூரம் கிராமத்துப் பேச்சாகத்தான் விழுகிறது. அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

"ஏக், அந்தக் கத்திரிப்பூ கலர் டப்பாங்க இன்னும் அப்படியே குந்திக்கினு இருக்குதே" என்றார் போன மாதம்.

"போயிடும் சார்."

"எங்க போவும்? வாத்துங்கதான் போயிக்கினு இருக்குது. ஏரி உறைஞ்சி கல்லாப் போச்சின்னா வாத்து வேட்டையும் முடிஞ்சிடும். அதுக்குள்ள இதுல பாதியாவது வித்துடு. இல்லன்னா நீ பழையபடி பின்னாடி சிமெண்ட் மூட்டைக்கே போயிடு. கவுண்ட்டர்ல என் மச்சான நிக்க வெச்சிக்கறேன்."

கவுண்ட்டர் போனால் என்ன, மூட்டை தூக்கி வளர்ந்த உடம்புதானே என்று நீங்கள் கேட்கலாம். விஷயம் உடம்பில் இல்லை. என் மகள் மல்லிகாவுக்குப் பன்னிரண்டு வயது. என்னோடு தமிழில் பேசுவதை நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டு வருகிறாள். பள்ளிக்கூடம் திறந்தபோது அங்கே ஒரு அட்டை கொடுத்தார்கள். அதில் தகப்பன் என்ன வேலை செய்கிறான் என்று ஒரு கட்டம். அவளே எழுதினாள். என்ன எழுதினாய் என்று கேட்டேன். "துப்பாக்கித் தோட்டா நிபுணர்" என்று சொல்லிவிட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனாள்.

என்னை யாரும் இதுவரை அப்படி எழுதியதில்லை. இப்போது புரிகிறதா, ஏரி உறையக்கூடாது என்று நான் ஏன் வேண்டிக்கொண்டேன் என்று.

2

இந்தப் பதினாறு என்னை விடாமல் துரத்துகிற சங்கதி கூரத்தில் ஆரம்பித்தது.

எங்கள் நைனாவுக்கு ஏரியை ஒட்டி வேர்க்கடலை நிலம். காய் பிடித்ததும் காட்டுப்பன்றிகள் குடும்பத்தோடு வந்துவிடும். காஞ்சிபுரத்தில் இருந்த ஒரு வெள்ளைக்கார என்ஜினீயர் சீமைக்குத் திரும்பும்போது தன் துப்பாக்கியை விற்பனைக்கு வைத்தார். எல்லோரும் போய்த் தூக்கிப் பார்த்தார்கள். "பூ மாதிரி இருக்குதுபா", "தோள்ல வெச்சா வெச்ச மாதிரியே தெரியல" என்றார்கள். பாராட்டிவிட்டு அத்தனை பேரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். வாங்கினது நைனா ஒருத்தர்தான். அது பதினாறாம் நம்பர் துப்பாக்கி. எங்கள் பக்கத்தில் எல்லோரிடமும் இருந்தது பன்னிரண்டு.

லைசென்ஸுக்குத் தாலுகா ஆபீஸ் போனோம். நானும் கூடப் போனேன்.

"இன்னா துப்பாக்கி?" என்றார் குமாஸ்தா.

"பதினாறுங்க" என்றார் நைனா.

"பதினாறுன்னு ஒண்ணு கெடையாது. பன்னெண்டுதான். இத்தினி வருசமா பன்னெண்டுதான் எழுதிக்கினு இருக்கறேன்."

"குழாய் மேலயே வெட்டியிருக்குதுங்க. கொஞ்சம் பாருங்க."

"குழாய் மேல ஆயிரம் வெட்டியிருப்பான். லைசென்ஸ்ல இன்னா இருக்குதோ அதான் துப்பாக்கி. கையெழுத்து போடுவியா, கைநாட்டா?"

பன்னிரண்டு என்று எழுதிவிட்டார். மெட்ராஸ் தோட்டாக் கடையில் லைசென்ஸைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். பன்னிரண்டு எழுதியிருக்கிறது, பன்னிரண்டு வாங்கிக்கொள் என்றார்கள். பன்னிரண்டு தடித்த தோட்டா, பதினாறின் தொண்டைக்குள் இறங்காது. லைசென்ஸைத் திருத்திக்கொண்டு வந்தால் பதினாறு வரவழைத்துத் தருகிறோம் என்றார்கள். திருத்த மனு போட்டோம். தாசில்தார் அய்யா கருட சேவை பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார், பத்து நாள் கழித்து வா. பத்து நாள் கழித்துப் போனால் ஃபைல் கலெக்டர் ஆபீஸுக்குப் போயிருக்கிறது. அங்கே போனால் ஃபைல் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. அந்த ஃபைல் பார்த்த ஊர்களை நைனா பார்த்ததில்லை.

வெள்ளைக்காரர் துப்பாக்கியோடு கொடுத்த இரண்டு டப்பாத் தோட்டாவை நைனா மருந்து மாதிரி செலவழித்தார். கடைசியில் நாலு மிஞ்சியது. அதை ஊறுகாய் பாட்டிலில் போட்டு மூடிவிட்டார். அதற்குப் பிறகு பன்றி வந்தால் துப்பாக்கியைத் தோளில் வைத்துக் குறிபார்த்து, வாயால் "டும்" என்று கத்துவார். முதல் இரண்டு நாள் பன்றிகள் ஓடின. மூன்றாம் நாள் ஒரு கிழட்டுப் பன்றி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி தோண்டத் தொடங்கியது. நைனாவை யாரும் அதுபோல் அவமானப்படுத்தியதில்லை.

3

நான் காஞ்சிபுரத்தில் ஒரு நூல் கடையில் மூட்டை தூக்கினேன். என் படிப்பெல்லாம் அங்கேதான். பருத்தி நூலுக்கு நம்பர் உண்டு. ஒரு ராத்தல் எடைக்கு எத்தனை சிட்டம், அதாவது ஒரே நீளத்தில் சுற்றிய நூல்கட்டு, பிடிக்கிறதோ அதுதான் நம்பர். நாற்பது சிட்டம் பிடித்தால் நாற்பதாம் நம்பர், எண்பது பிடித்தால் எண்பதாம் நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். துப்பாக்கிக்கும் இதே கணக்குதான். ஒரு ராத்தல் ஈயத்தை அந்தக் குழாய் கொள்ளுகிற அளவுக்குச் சமமாக உருட்டினால் எத்தனை உருண்டை வருகிறதோ அது நம்பர். பன்னிரண்டு உருண்டை வந்தால் பெரிய வாய். பதினாறு வந்தால் கொஞ்சம் சின்ன வாய். நைனா துப்பாக்கியைக் கொண்டுவந்த அன்றைக்கே எனக்கு இது பிடிபட்டுவிட்டது. தாலுகா ஆபீஸுக்குத்தான் பிடிபடவில்லை.

இந்தக் கணக்குதான் என்னைக் கனடாவில் கவுண்ட்டருக்குக் கொண்டுவந்தது. இரண்டு வருடம் பின்கட்டில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஒரு அம்மாள், பதினாறு பெரிய நம்பர்தானே, ஏன் தோட்டா மட்டும் சின்னது என்று கேட்டாள். கார்ல் ஏதோ முனகினார். மூட்டையோடு போய்க்கொண்டிருந்த நான், சாக்குக் கட்டுகிற சணலை அறுத்து நூல் கணக்கைச் சொல்லி விளக்கினேன். கார்ல் வாயைத் திறந்து பார்த்தார். மறுநாள் கவுண்ட்டரில் நின்றேன். அன்றிலிருந்து எதிரில் வருகிற எல்லோரும் எனக்கு சார்தான். கார்ல் வீட்டு நாய்க்கும் ஒரு தடவை சார் போட்டுவிட்டேன்.

கவுண்ட்டரில் நின்ற பிறகு தெரிந்தது, நல்ல தோட்டாவாகப் பிறந்தும் வாழாமல் போனவை எத்தனையோ என்று. இருபத்தெட்டாம் நம்பர் ஒன்று உண்டு. சுண்டுவிரல் அளவு. ஆனால் உள்ளே இருக்கிற ஈய ரவை தாறுமாறாகச் சிதறாமல் ஒரே சீராகப் பரவும். தொட ஆள் இல்லை. ரைபிளில் இருநூற்றெண்பத்து நாலு என்று ஒன்று. குட்டைத் துப்பாக்கிக்குள் நீளத் தோட்டாவின் பலத்தை அடைக்க வேண்டும் என்று உடம்பைத் தடிப்பாகச் செய்து அடிப்பக்கத்தை மட்டும் சின்னதாக வைத்தார்கள். பெரிய தொப்பை, சின்ன செருப்பு. என்னைப் போலவே இருக்கும். வேலை சுத்தமாகச் செய்யும், ஆனால் அதற்கென்று துப்பாக்கி செய்ய ஆள் வரவில்லை.

எல்லாவற்றிலும் பரிதாபம் பதினாறுதான். நடுப்பிள்ளை. பெரிய வாத்துக்குப் பன்னிரண்டைத் தூக்குகிறார்கள். லேசாக வேண்டும் என்றால் இருபது. அந்த இருபதுக்கும் நீளத் தோட்டா செய்து ரவையை அதிகமாக அடைத்துவிட்டார்கள், பதினாறின் பிழைப்பில் மண். தட்டு பறக்கவிட்டுச் சுடுகிற போட்டியில் அதற்கென்று ஒரு வரிசைகூடக் கிடையாது. ஒரு கம்பெனி அதைக் கத்திரிப்பூ கலரில் செய்கிறது. முதல் தடவை டப்பாவைத் திறந்தபோது முகூர்த்தப் புடவை மாதிரி இருந்தது.

ஆனால் கடைக்கு வருகிற கிழவர்கள் ஒருவர் விடாமல் பதினாறைப் புகழ்ந்தார்கள். தூக்குவதற்கு இருபது மாதிரி, அடிப்பதற்குப் பன்னிரண்டு மாதிரி. அதைப் போல ஒரு தோட்டா உண்டா. இப்போது கடைகளில் வைப்பதே இல்லையே. கண்ணில் தண்ணீர் வராத குறை. நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். இவ்வளவு பேர் ஏங்குகிறார்களே என்று கார்லிடம் போய் அடித்துச் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு முதலாளி என் பேச்சைக் கேட்டார். நாற்பது டப்பா வந்து இறங்கியது.

அதே கிழவர்கள் வந்தார்கள். டப்பாவைத் தடவினார்கள். "அடடா" என்றார்கள். பன்னிரண்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

என் புத்தியை என்ன சொல்ல. காஞ்சிபுரத்தில் நூல் வாங்க வருகிறவன் புகழ்ந்தால் அவன் வாங்க மாட்டான் என்பது எனக்குத் தெரியும். வாங்கப் போகிறவன் திட்டுவான். எங்கள் வீட்டுத் துப்பாக்கியைப் பூ மாதிரி என்று சொன்னவர்கள் யாராவது வாங்கினார்களா? வெள்ளைக்காரர்கள் வேறு மாதிரி, மனதில் இருப்பதைச் சொல்லுகிறவர்கள் என்று நினைத்துவிட்டேன்.

"ஊர்லயும் ஏமாந்தீங்க, இங்கயும் ஏமாந்தீங்க" என்று சரோஜா இந்த இடத்தில் அவளாகவே எழுதிக்கொள்கிறாள்.

4

ஒரு டப்பாவை நானே வாங்கிக்கொண்டேன். நைனாவுக்கு அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். அங்கே துப்பாக்கி இருக்கிறது, தோட்டா இல்லை. இங்கே தோட்டா இருக்கிறது, துப்பாக்கி இல்லை. நடுவில் ஒரு கடல், அவ்வளவுதானே.

டப்பாவைத் துண்டில் சுற்றி, மல்லிகாவைக் கூட்டிக்கொண்டு தபால் ஆபீசுக்குப் போனேன். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுத ஒரு காகிதம் கொடுத்தார்கள்.

"என்னாப்பா எழுதறது?" என்றாள்.

"உள்ளத எழுதும்மா. அப்பா நம்பர் கணக்குல பொய் சொல்ல மாட்டேன்."

இருபத்தைந்து தோட்டா என்று எழுதினாள். கவுண்ட்டரில் இருந்த பெண்மணி அதைப் படித்தாள். இரண்டு கையையும் பொட்டலத்திலிருந்து எடுத்துக்கொண்டு, நாற்காலியோடு பின்னால் போனாள். பிறகு ஒரு போலீஸ்காரர் வந்தார். நல்லவேளை, எங்கள் கடையில் தூண்டில் முள் வாங்குகிறவர்.

"ஏக், வெடிக்கிற சாமான தபால்ல போடலாமா?"

"இது வெடிக்காது சார். துப்பாக்கியில போட்டாத்தான் வெடிக்கும். அதுவும் பதினாறுல போட்டாத்தான்."

அவர் சிரித்துவிட்டார். சட்டம் சிரிக்கவில்லை. கப்பலில் அனுப்ப வேண்டுமானால் ஏற்றுமதி அனுமதி, நம் ஊரில் இறக்குமதி அனுமதி, அதற்கு லைசென்ஸ் நகல். லைசென்ஸில் என்ன நம்பர் இருக்கிறது என்று கேட்டார். பன்னிரண்டு என்றேன். பொட்டலத்தில்? பதினாறு. அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார்.

மல்லிகாவோடு படிக்கிற பெண் ஒருத்தி வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, ப்ளீஸ். வூட்டுக்குப் போலாம்" என்றாள் மல்லிகா, கீழே பார்த்துக்கொண்டே. வழியெல்லாம் எனக்கு நாலடி முன்னால் நடந்தாள்.

5

ஏரியின் ஓரத்தில் கண்ணாடி போல் ஏடு கட்ட ஆரம்பித்த வாரம், பச்சைத் தொப்பி போட்ட ஒருவர் வந்தார். நேராகக் கத்திரிப்பூ டப்பாவிடம் போனார். ஒன்றை எடுத்துத் திருப்பினார்.

"இன்னாயா இது, டப்பா மொனையெல்லாம் நசுங்கியிருக்குது. ஈரத்துல கெடந்ததா?" என்றார். "கலரப் பாரு. இத வெச்சி சுட்டா வாத்து சாவாது, சிரிச்சிட்டுப் போவும்."

திட்டுகிறார். நாலு வருடத்தில் இந்த நாட்டில் நான் பார்த்த முதல் அசல் வாங்குகிறவர்.

காஞ்சிபுரத்தில் இதற்கு ஒரு முறை உண்டு. ஐயம்பேட்டையிலிருந்து நெசவுக்காரர் வருவார். "இது நூலா, தேங்கா நாரா? தறியில போட்டா பத்து எடத்துல அறுந்துக்கினு நிக்கும்" என்பார். எங்கள் முதலாளி பதில் பேச மாட்டார். நெசவுக்காரர் கையிலிருக்கிற நூல்கட்டை மெதுவாக வாங்கி அலமாரியில் திரும்ப வைத்துவிடுவார். "உனுக்கு வேணாம் வுடு. வேற ஆளு சொல்லி வெச்சிருக்கறாரு" என்பார். நெசவுக்காரர் வாசல் வரைக்கும் போவார். செருப்பில் காலை நுழைத்துக்கொண்டே, "யோவ், யாருக்குயா சொல்லி வெச்சிருக்கற? கொண்டா இங்க" என்று திரும்பி வருவார். வியாபாரம் முடிந்தது.

நான் பச்சைத் தொப்பிக்காரர் கையிலிருந்து டப்பாவை மெதுவாக வாங்கினேன். அலமாரியில் வைத்தேன்.

"உங்களுக்கு வேண்டாம் சார். வேறு ஆள் இருக்கிறார்" என்று என் இங்கிலீஷில் சொன்னேன்.

அவர் கை டப்பா பிடித்த மாதிரியே கொஞ்ச நேரம் இருந்தது. என்னைப் பார்த்தார். "மன்னிச்சிக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாசல் வரைக்கும் போனார். சரி. கதவைத் திறந்தார். சரி, பெரிய கடை, கொஞ்ச தூரம் போய்த்தான் திரும்புவார். வண்டியில் ஏறினார். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். வண்டி கிளம்பியது. தெருமுனையில் திரும்பும் என்று நினைத்தேன். திரும்பியது, ஆனால் வேறு பக்கம். கடை சாத்துகிற வரைக்கும் நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கார்ல் வந்து நின்றார்.

"நேத்து ஒருத்தன் கையில இருந்து டப்பாவப் புடுங்கினியாமே?"

"புடுங்கல சார். வாங்கி வெச்சேன்."

"அவன் அப்பன் வுட்டுட்டுப் போன பதினாறு அவங்கிட்ட இருக்குது. அடுத்த சீசனுக்கும் சேத்து முப்பது டப்பா மொத்தமா எடுக்கலாம்னு வந்தானாம். எனக்குத் தோட்டா குடுக்க மாட்டேன்னு உன் ஆளு சொல்லிட்டான்னு போன் பண்றான்."

எங்கள் ஊர் முறையை விளக்கினேன். கையைக் காலை ஆட்டி, நெசவுக்காரர் மாதிரி நடித்து, கடை முதலாளி மாதிரி நடித்து, வாசல் வரைக்கும் நடந்தும் காட்டினேன். கார்ல் முழுவதையும் பொறுமையாகப் பார்த்தார்.

"வாங்க வந்தவன் கையில இருந்து சாமானப் புடுங்கி வெக்கறதுதான் உங்க ஊர் யாவாரமா?"

"ஆமா சார்."

"கடைங்க ஓடுதா?"

"நல்லா ஓடுது சார்."

அவர் எதிரிலேயே பச்சைத் தொப்பிக்காரருக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு என்மேல் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். இனிமேல் இந்தத் தோட்டாவைத் தேடி அலைய முடியாது என்று நேற்றுப் போகிற வழியிலேயே பக்கத்து ஊரில் ஒரு புது பன்னிரண்டு வாங்கிவிட்டாராம். அப்பாவுடைய பதினாறை எண்ணெய் போட்டுப் பரணில் வைத்துவிட்டாராம்.

பதினாறைக் காப்பாற்றப் புறப்பட்டவன் நான். சுட்டுக்கொண்டிருந்த ஒரு பதினாறையும் பரணில் ஏற்றிவிட்டேன்.

6

ஏரி ஒரு புதன்கிழமை கல்லாகிவிட்டது. வியாழக்கிழமை நான் சிமெண்ட் மூட்டைக்குப் போனேன். கார்ல் கெட்டவர் இல்லை. சொன்னதைச் செய்தார். மச்சான் கவுண்ட்டரில் நிற்கிறார். பதினாறு பெரிய நம்பராயிற்றே, தோட்டா ஏன் சின்னது என்று யாராவது கேட்டால் பின்கட்டைப் பார்த்து என்னைக் கூப்பிடுகிறார்கள். மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் போய்ச் சொல்லிவிட்டு, மறுபடி மூட்டையைத் தூக்குகிறேன்.

அந்த வாரம் ஊரிலிருந்து என் தம்பி கன்னியப்பன் கடிதம் போட்டிருந்தான். "அண்ணா, நைனா லைசென்ஸ் திருத்தியாச்சி. புது குமாஸ்தா நல்ல மனுசன். குழாயைத் தொட்டுப் பார்த்து, பன்னெண்டை அடிச்சிட்டு சிவப்பு மையில பதினாறுன்னு எழுதி சீல் வெச்சிட்டாரு. நைனா அத எல்லாருக்கும் காட்டிக்கினு இருக்கறாரு. மெட்ராஸ் கடைக்குப் போனோம். பதினாறு இப்ப வர்றதே இல்லையாம்."

பன்னிரண்டு வருடம் அலைந்து அந்த மனுஷன் ஒரு நம்பரைச் சரியாக்கியிருக்கிறார். முப்பத்தொன்பது டப்பா கடையில் எனக்கு நாலு அடி தூரத்தில் இருக்கிறது. ஒன்று வீட்டில் என் கட்டிலுக்கு அடியில் துண்டில் சுற்றியபடி இருக்கிறது. நடுவில் இருக்கிற இரண்டு தேசத்து அனுமதிக்கு இன்னும் எத்தனை வருடமோ. கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

நேற்று பள்ளிக்கூடத்திலிருந்து அந்த அட்டை திரும்பி வந்தது. ஏதாவது மாறியிருந்தால் திருத்தி, தகப்பன் கையெழுத்து வாங்கி வரவேண்டுமாம். மல்லிகா சாப்பாட்டு மேஜையில் அட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் சிமெண்ட் தூசியோடு எதிரில் உட்கார்ந்தேன். வீட்டு விலாசம் அதேதான். அம்மா வேலை அதேதான். அடுத்த கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"இத மாத்தணுமாப்பா?" என்றாள். தமிழில் கேட்டாள்.

நைனாவாக இருந்தால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். உள்ளதை எழுது என்பார். அதற்காகத்தான் அவர் செருப்பு தேய நடந்தார். இப்போது நான் சொல்லப் போவது அவர் காதில் விழுந்தால் அதே செருப்பைக் கழற்றுவார்.

"உடு கண்ணு" என்றேன். "லைசென்ஸ்ல ஒண்ணு இருக்கும், கையில ஒண்ணு இருக்கும். நம்ம வூட்ல அதான் பழக்கம்."

அவள் என் கையைப் பார்த்தாள். நகக்கண்ணில் வெள்ளையாக சிமெண்ட். பிறகு பேனாவைப் பார்த்தாள். நல்ல பேனா, அம்மா வாங்கிக் கொடுத்த புதுப் பேனா.

"பேனா எழுதலப்பா" என்று சொல்லிவிட்டு மூடியைப் போட்டாள். அட்டையை என் பக்கம் தள்ளினாள்.

கையெழுத்துப் போட அதே பேனாவைத்தான் கொடுத்தாள். நன்றாகத்தான் எழுதியது.